மண்டை ஓடு, கண்குழி எக்ஸ்-கதிர்ப் படங்களின் வரலாறு

மண்டை ஓட்டையும், கண்கள் பொதிந்திருக்கும் எலும்புக் குழிகளையும் எக்ஸ்-கதிர் கொண்டு படமெடுப்பது மருத்துவக் கதிரியலின் மிகப் பழைய பணிகளுள் ஒன்று. எலும்பு முறிவு, கண்ணுக்குள் புகுந்த உலோகத் துகள், சைனஸ் அறைகளில் சேர்ந்த சீழ், மூளைக் கட்டியால் அரிக்கப்பட்ட எலும்பு ஆகியவற்றை அறிய இப்படங்கள் பயன்பட்டன. கையைப் படமெடுப்பது, எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட சில வாரங்களிலேயே கைகூடியது. தலையைத் தெளிவாகப் படமெடுக்கவோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இத்தாமதத்துக்குக் காரணம் தலையின் அமைப்பு. கையில் எலும்புகள் ஏறக்குறைய ஒரே தளத்தில் பரவிக் கிடக்கின்றன. மண்டை ஓடு எல்லாப் பக்கமும் எலும்பால் மூடிய ஒரு பெட்டி. எக்ஸ்-கதிர்ப் படம் என்பது நிழல். பெட்டியின் முன்சுவர், பின்சுவர், அடித்தளம் ஆகிய மூன்றின் நிழலும் ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அந்த நிழல்களைப் பிரித்தறியச் செய்த முயற்சிகளே இத்துறையின் வரலாறு. இன்று எக்ஸ்-கதிர் அறையில் நோயாளியிடம் “மூக்கும் நெற்றியும் பலகையில் படட்டும்”, “நாடியைத் தூக்குங்கள்” என்று சொல்லப்படும் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் அந்த வரலாற்றின் ஒரு பகுதி இருக்கிறது.

தொடக்க முயற்சிகள்

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இயற்பியலாளர் வில்லெம் ரோன்ட்கென் 1895 நவம்பர் 8 அன்று இப்புதிய கதிரைக் கண்டறிந்தார். டிசம்பர் 22 அன்று தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். 1896 ஜனவரியில் அச்செய்தி உலகெங்கும் பரவியது. கை எலும்பைக் காண முடிந்தால் மூளையையும் காணலாம் என்று பலர் நம்பினர். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், மனித மூளையைப் படமெடுத்துத் தருமாறு தாமஸ் எடிசனைக் கேட்டுக்கொண்டார். எடிசன் 1896 பிப்ரவரியில் அதற்கு முயன்றார். செய்தியாளர்கள் அவருடைய ஆய்வுக்கூடத்தின் வாசலில் காத்துக் கிடந்தனர். படம் கிடைக்கவில்லை. மூளை நீர்ச்சத்து மிகுந்த மென்திசு. அதன் பகுதிகளுக்கிடையே கதிரைத் தடுக்கும் திறனில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. சுற்றியுள்ள எலும்பு அந்தச் சிறு வேறுபாட்டையும் மறைத்துவிடும்.

அதே மாத இறுதியில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை வேறொரு பாடத்தைக் கற்பித்தது. தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஒரு குழந்தையைப் பற்றிய செய்தி அங்கு வந்தது. குண்டு எங்கே இருக்கிறது என்று எக்ஸ்-கதிரால் காண முடியுமா என்பது கேள்வி. குழந்தைமீது செய்து பார்ப்பதற்கு முன் தம் தலையிலேயே சோதிக்கலாம் என்று பேராசிரியர் வில்லியம் டட்லி முன்வந்தார். இயற்பியலாளர் ஜான் டேனியல், டட்லியின் தலைக்கு ஒரு பக்கம் ஒளித்தகட்டையும் தகட்டுக்கும் தலைக்கும் நடுவே ஒரு நாணயத்தையும் கட்டினார். மறுபக்கம், தலைமுடியிலிருந்து அரை அங்குல தூரத்தில் கதிர்க்குழாயை வைத்து ஒரு மணி நேரம் கதிர் பாய்ச்சினார். தகட்டில் எதுவும் பதியவில்லை. ஆனால் 21 நாள்கள் கழித்து, குழாய்க்கு நேரே இருந்த இடத்தில் டட்லியின் முடி உதிர்ந்தது. டேனியல் இதை 1896 ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். எக்ஸ்-கதிர் உடலைப் பாதிக்கும் என்று அச்சில் வந்த தொடக்ககாலப் பதிவுகளுள் இதுவும் ஒன்று. தலையைப் படமெடுக்க எடுத்த முதல் முயற்சிகளிலேயே அதன் விலையும் தெரிந்துவிட்டது.

கண்ணுக்குள் இரும்புத் துகள்

கண்குழிப் படத்துக்கு வழி திறந்தவை தொழிற்கூடங்கள். உளியாலும் சுத்தியலாலும் இரும்பை அடிக்கும்போது தெறிக்கும் நுண்துகள் கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளிக்காயம் சிறிது, சில வேளைகளில் வலியும் அதிகம் இராது. ஆனால் உள்ளே தங்கிய இரும்பு நாளடைவில் துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும். செம்புத் துகளானால் கடும் அழற்சி உண்டாகும்.

இரும்பைக் காந்தத்தால் இழுத்தெடுக்கும் முறை எக்ஸ்-கதிருக்கு முன்பே இருந்தது. பெர்லினின் யூலியஸ் ஹிர்ஷ்பெர்க் 1879-இல் மின்காந்தத்தைக் கண் அறுவையில் பயன்படுத்தினார். சூரிக் நகரின் ஓட்டோ ஹாப் 1892-இல் மிகப் பெரிய மின்காந்தத்தைக் கொண்டுவந்தார். ஆனால் துகள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வலிய காந்தத்தைக் கண்ணருகே கொண்டுபோனால், இழுபடும் துகள் லென்சையோ விழித்திரையையோ கிழித்துவிடலாம். துகள் கண்ணுக்குள் இருக்கிறதா, அதற்குப் பின்னால் கண்குழியில் இருக்கிறதா என்பதும் பெரும்பாலும் ஊகமாகவே இருந்தது. கண்ணைக் காப்பாற்றுவதா, அகற்றுவதா என்ற முடிவே அந்த ஊகத்தின்மீது நின்றது.

ஒரே படத்தில் துகளின் நிழல் தெரிந்தாலும் அது எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று சொல்ல முடியாது. கதிர்க்குழாயை நகர்த்தி இரண்டு படங்கள் எடுத்தால், நிழல் நகரும் தூரத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடலாம். இந்த எளிய வடிவியலைப் பிலடெல்பியாவின் வில்லியம் ஸ்வீட்டும் இலண்டனின் ஜேம்ஸ் மெக்கன்சி டேவிட்சனும் 1890களின் இறுதியில் தனித்தனி முறைகளாக வளர்த்தனர். ஸ்வீட், தெரிந்த தூரத்தில் சிறு உலோகக் குறிகளைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்தி, அவற்றின் நிழலோடு துகளின் நிழலை ஒப்பிட்டார். மெக்கன்சி டேவிட்சன், கதிர் வந்த இரண்டு வழிகளையும் இரண்டு பட்டு நூல்களாகக் கட்டினார். நூல்கள் குறுக்கிடும் இடமே துகள் இருக்கும் இடம். கண் மருத்துவராகத் தொடங்கிய அவர் பின்னர் கதிரியலையே தம் துறையாக்கிக்கொண்டார். அவருடைய முறை போர்க்காலத்தில் உடலில் பாய்ந்த குண்டுகளைத் தேடவும் உதவியது.

1927-இல் ஜெர்மனியின் வில்லெம் கோம்பெர்க், விளிம்பில் நான்கு ஈயப் புள்ளிகள் பதித்த தொடுவில்லையைக் கண்மீது பொருத்திப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். ஈயப் புள்ளிகள் கண்ணின் எல்லையைப் படத்திலேயே காட்டின. இவற்றோடு இன்னும் எளிய ஒரு வழியும் நிலைத்தது. நோயாளி தலையை அசைக்காமல், ஒரு படத்துக்கு மேலேயும் மறுபடத்துக்குக் கீழேயும் பார்ப்பார். நிழல் இடம் மாறினால் துகள் கண்ணோடு சேர்ந்து அசைகிறது என்று பொருள்.

வியன்னாவில் பிறந்த நரம்புக் கதிரியல்

மண்டை ஓட்டுப் படத்தை வாசிக்கும் கலையை ஒழுங்குபடுத்தியவர் வியன்னாவின் ஆர்தர் ஷூலர். நரம்பியல் மருத்துவரான அவர், மண்டை ஓட்டின் அடித்தளத்தை எக்ஸ்-கதிர்ப் படத்தில் விளக்கும் நூலை 1905-இலும், தலை நோய்களின் கதிர்ப்பட ஆய்வு பற்றிய பெரிய நூலை 1912-இலும் வெளியிட்டார். மூளையை நேரடியாகக் காண முடியாவிட்டாலும், மூளையில் நிகழ்வது எலும்பில் தடம் பதிக்கும் என்பது அவருடைய அணுகுமுறை. பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வளர்ந்தால், அது அமர்ந்திருக்கும் சேணம் போன்ற எலும்புக் குழி விரியும். மண்டைக்குள் அழுத்தம் நெடுநாள் கூடியிருந்தால் ஓட்டின் உட்பக்கம் அரிக்கப்படும். குழந்தைகளில் மண்டை ஓட்டின் பொருத்துகள் விலகும். மூளையின் நடுவே உள்ள பீனியல் சுரப்பியில் வயதோடு சுண்ணாம்பு படிந்து அது படத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். அப்புள்ளி நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் விலகியிருந்தால், மறுபக்கத்தில் ஏதோ ஒன்று மூளையைத் தள்ளுகிறது. இந்த விலகலை மூளைக் கட்டிகளைக் கண்டறியும் வழியாக அமெரிக்க அறுவை மருத்துவர் ஹோவர்ட் நாஃப்சிகர் 1925-இல் விளக்கினார்.

நரம்புக் கதிரியலின் தந்தை என்று போற்றப்படும் ஷூலர், யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் வியன்னாவை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மீண்டும் பணியைத் தொடங்கி, 1957-இல் அங்கேயே காலமானார்.

கோணங்களும் அவற்றின் பெயர்களும்

நிழல்களைப் பிரிக்க எளிய வழி, தலையையோ கதிர்க்குழாயையோ சாய்ப்பது. எந்த அளவு சாய்ப்பது என்று சொல்ல ஓர் அடிக்கோடு வேண்டும். மண்டை ஓடுகளை அளந்த மானிடவியலாளர்கள் கண்குழியின் கீழ்விளிம்பையும் காதுத் துளையின் மேல்விளிம்பையும் இணைக்கும் கோட்டை 1884-இல் பிராங்பர்ட் நகரில் பொது அளவாக ஏற்றிருந்தனர். கதிரியலாளர்கள் அதையும், அதிலிருந்து சற்றே விலகி, கண்ணின் வெளிக்கோடியிலிருந்து காதுத் துளைக்குச் செல்லும் கோட்டையும் பயன்படுத்தினர்.

சிக்கலின் மையம் காதை உள்ளடக்கிய தடித்த எலும்பு முகடு. பாறை போல் கடினமான இது மண்டையின் அடித்தளத்தில் இருபுறமும் உள்ளது. தலையை நேராக வைத்துப் படமெடுத்தால் இந்த முகட்டின் நிழல் கண்குழியை நிரப்பிவிடும். நியூயார்க்கின் யூஜீன் கால்ட்வெல், நோயாளியின் நெற்றியும் மூக்கும் தகட்டில் படும்படி வைத்து, தலைக்குப் பின்னாலிருந்து குழாயைக் கால்பக்கம் நோக்கிச் சாய்த்தார். முகட்டின் நிழல் கண்குழியின் கீழ்ப்பகுதிக்கு இறங்கியது; கண்குழியின் மேல்விளிம்பும் நெற்றிச் சைனசும் தெளிந்தன. மின்பொறியியல் கற்று மருத்துவத்துக்கு வந்த கால்ட்வெல், கதிரால் கைகளில் ஏற்பட்ட பாதிப்புக்குப் பலமுறை அறுவைக்கு ஆளாகி 1918-இல் இறந்தார். இன்றும் உலகின் எக்ஸ்-கதிர் அறைகளில் அந்தக் கோணம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1915-இல் சார்ல்ஸ் வாட்டர்ஸ், வால்ட்ரன் ஆகிய இருவரும் வேறொரு நிலையை வெளியிட்டனர். இதில் நெற்றி அல்ல, நாடி தகட்டில் படும். தலை பின்னால் சாய்வதால் பாறை முகடு மேல்தாடைச் சைனசுக்கும் கீழே இறங்கிவிடும். கண்குழியின் தரை, கன்ன எலும்பு, மேல்தாடைச் சைனஸ் ஆகியவற்றுக்கு இதுவே முதன்மையான படம். 1926-இல் சான் பிரான்சிஸ்கோவின் எட்வர்ட் டவுன், செவி நரம்புக் கட்டிகள் பாறை எலும்பை அரிப்பதைக் காட்ட, முன்னாலிருந்து குழாயை 30 பாகை சாய்த்து எடுக்கும் நிலையை விளக்கினார். பின்மண்டை எலும்பையும் தண்டுவடம் இறங்கும் பெருந்துளையையும் காண இது உதவியது. பார்வை நரம்பு செல்லும் நுண்ணிய குழாயைக் காண ரீஸ் என்பவர் பெயரால் வழங்கும் சாய்நிலை உருவானது.

தெளிவு வந்த வகை

கோணம் சரியானாலும் படம் மங்கலாகவே இருந்தது. தடித்த உறுப்பின் வழியே செல்லும் கதிர் பல திசைகளில் சிதறித் தகடு முழுவதும் சாம்பல் பூசிவிடும். பெர்லினின் குஸ்டாவ் பக்கி, 1913-இல் ஈயப் பட்டைகளாலான சல்லடையைத் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்தார். நேராக வரும் கதிர் இடுக்குகள் வழியே சென்றது, சிதறியது தடுக்கப்பட்டது. ஆனால் சல்லடையின் கோடுகளே படத்தில் விழுந்தன. சிக்காகோவின் ஹோலிஸ் பாட்டர், படமெடுக்கும்போது சல்லடையை நகர்த்தி அக்கோடுகளை மறையச் செய்தார். 1913-இல் அமெரிக்காவின் வில்லியம் கூலிட்ஜ் உருவாக்கிய குழாய், கதிரின் அளவையும் ஊடுருவும் திறனையும் விரும்பியபடி அமைக்க உதவியது. ஸ்டாக்ஹோமின் எரிக் லிஷோல்ம், தலையைத் துல்லியமான கோணத்தில் நிறுத்தும் தனி மேசையை வடிவமைத்தார். ஒருமுறை எடுத்த படத்தை அதே கோணத்தில் மீண்டும் எடுத்து ஒப்பிட அது வழி செய்தது.

படமெடுக்கும் முறை

இன்று ஒளித்தகட்டின் இடத்தில் எண்ணிம உணரி உள்ளது. அடிப்படைச் செயல்முறை மாறவில்லை.

படத்துக்கு முன் கண்ணாடி, தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, கழற்றக்கூடிய பல்செட் ஆகியவற்றை அகற்ற வேண்டும். இறுகப் பின்னிய சடைகூட நிழலிடலாம் என்பதால் அதை அவிழ்க்கச் சொல்வதுண்டு. கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தால் பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

முன்னோக்கிய படத்தில் நோயாளி நெற்றியையும் மூக்கையும் உணரிப் பலகையில் பதிப்பார். கதிர் பின்மண்டை வழியே நுழைந்து மூக்கின் வேர்ப்பகுதியில் வெளிவரும். கால்ட்வெல் நிலைக்கு இன்று பெரும்பாலும் 15 பாகைச் சாய்வு வைக்கப்படுகிறது. கண்குழியின் தரையைக் காண வாட்டர்ஸ் நிலையில் நாடியை உயர்த்தி, கண்-காதுக் கோடு பலகையோடு 37 பாகை அமையும்படி தலை நிறுத்தப்படும். பக்கவாட்டுப் படத்தில் தலையின் நடுத்தளம் பலகைக்கு இணையாகவும், இரு கண்மணிகளை இணைக்கும் கோடு பலகைக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். தலை சிறிது திரும்பினாலும் இரு கண்குழிகளின் நிழல்கள் பிரிந்துவிடும். கதிர் பாயும் நொடியில் மூச்சை நிறுத்தி அசையாதிருக்க வேண்டும். கழுத்து எலும்பு முறிந்திருக்கும் ஐயம் இருந்தால் தலையைத் திருப்பக் கூடாது. நோயாளி படுத்தபடியே இருக்க, கருவியே கோணத்தை மாற்றிக்கொள்ளும்.

முகம் பலகையைப் பார்த்திருக்க, கதிர் பின்னாலிருந்து வருவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. கண்குழி உணரிக்கு அருகில் இருந்தால் அதன் நிழல் பெரிதாகாமல் கூர்மையாக விழும். கதிரின் பெரும்பகுதி மண்டையிலேயே தங்கிவிடுவதால், கதிரால் எளிதில் பாதிக்கப்படும் கண் லென்சுக்குச் செல்லும் அளவும் வெகுவாகக் குறையும். கதிரோடு பணிபுரிவோரின் கண் லென்சுக்கான ஆண்டு வரம்பை, அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20 மில்லிசீவர்ட்டாக (ஐந்தாண்டுச் சராசரி) குறைத்தது.

கண்குழி முறிவுகளுள் ஒரு வகைக்கு இப்படங்களோடு நெருங்கிய தொடர்பு உண்டு. பந்து போன்ற ஒன்று கண்ணில் மோதும்போது, கண்குழியின் விளிம்பு உடையாமல் தாள் போல் மெல்லிய தரை மட்டும் கீழே உடைந்து விழுவதுண்டு. நியூயார்க்கின் பைரன் ஸ்மித், வில்லியம் ரீகன் இருவரும் 1957-இல், இறந்தவர் உடலின் கண்ணில் பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்து இம்முறிவை உண்டாக்கிக் காட்டினர். வாட்டர்ஸ் நிலைப் படத்தில், சைனசின் கூரையிலிருந்து கண்ணீர்த் துளி போல் தொங்கும் நிழல் இதன் அறிகுறி. உடைந்த தரை வழியே இறங்கிய கண்குழிக் கொழுப்பு அது.

எல்லையும் மாற்றமும்

எலும்பைத் தாண்டி மூளையைக் காணும் ஆசை விடவில்லை. பால்டிமோரின் வால்டர் டேண்டி, 1918-இல் மூளை அறைகளில் உள்ள திரவத்தை வெளியேற்றிக் காற்றை நிரப்பிப் படமெடுத்தார். லிஸ்பனின் எகாஸ் மோனிஸ், 1927-இல் கழுத்துத் தமனியில் சாயம் செலுத்தி மூளையின் குருதிக்குழாய்களைக் காட்டினார். இரண்டும் பயன் தந்தன. இரண்டும் நோயாளிக்குத் துன்பமும் ஆபத்தும் உள்ளவை.

தலையில் அடிபட்டவர்களுக்கோ சாதாரண மண்டை ஓட்டுப் படமே பல பதிற்றாண்டுகள் வழக்கமாக எடுக்கப்பட்டது. இதில் ஒரு கண்ணி இருந்தது. ஓடு உடைந்தும் மூளைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஓடு உடையாமலேயே உள்ளே குருதி கசிந்து உயிர் போகலாம். “படத்தில் முறிவு இல்லை” என்ற சொல், நோயாளியையும் சில வேளைகளில் மருத்துவரையும் பொய்யான நிம்மதியில் ஆழ்த்தியது. பெல், லூப் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இப்படத்தின் பயனையும் பயனின்மையையும் எடைபோட்ட கட்டுரையை 1971-இல் வெளியிட்டனர். முறிவு தெரிந்தாலும் பெரும்பாலான நோயாளிகளின் சிகிச்சை மாறுவதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, இலண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. பல திசைகளிலிருந்து பெற்ற கதிர் அளவுகளைக் கணினி கூட்டிக் கணக்கிட்டு, தலையை ஏடு ஏடாகக் காட்டியது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நிழல்கள் முதன்முறையாக முற்றிலும் பிரிந்தன. எடிசனால் காண முடியாத மூளை, எக்ஸ்-கதிராலேயே காணப்பட்டது. ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மாக்கும் 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இன்றைய பயன்

தலைக்காயத்துக்கு இன்று சி.டி. ஸ்கேனே முதல் தேர்வு. அதன் கதிர் அளவு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். சாதாரண மண்டை ஓட்டுப் படத்தின் அளவு ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட். குழந்தைகள் துன்புறுத்தப்பட்டதாக ஐயம் எழும்போது எலும்புகள் முழுவதையும் ஆராயவும், மூளை நீரை வடிக்கப் பொருத்திய குழாயின் நிலையைப் பார்க்கவும் சாதாரணப் படம் இன்றும் பயன்படுகிறது.

கண்குழிப் படத்துக்கு எம்.ஆர்.ஐ. ஒரு புதிய தேவையை உண்டாக்கியது. எம்.ஆர்.ஐ. கருவி வலிய காந்தம். முன்பு தகடு வேலை செய்த ஒருவரின் கண்ணில் அறியப்படாமல் தங்கியிருந்த இரும்புத் துகள், எம்.ஆர்.ஐ. சோதனையின்போது இடம்பெயர்ந்து கண்ணுக்குள் குருதி கசிந்து பார்வை போனது. 1986-இல் இது மருத்துவ இதழில் பதிவானது. ஆகவே வெல்டிங், கடைசல், சாணை பிடித்தல் போன்ற வேலை செய்து கண்ணில் உலோகம் பட்டவர்களுக்கு, எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கண்குழிப் படம் எடுக்கப்படுகிறது. படிவத்தில் “கண்ணில் எப்போதேனும் உலோகத் துகள் பட்டதுண்டா?” என்று கேட்கப்படும் கேள்வியை எளிதாகக் கருதி “இல்லை” என்று எழுதிவிடக் கூடாது. ஹாபின் காந்தக் காலத்தில் தொழிலாளியின் கண்ணை அச்சுறுத்திய அதே ஆபத்தை, நூறாண்டு கழித்தும் இரண்டு எளிய நிழற்படங்கள் தடுத்து நிற்கின்றன.